தனிக் கம்பி சொல்வதும் கூட்டம் கேட்பதும்

அலுமினியத் தகட்டை ஆக்சாலிக் அமிலத்தில் தொங்கவிட்டு 40 வோல்ட் கொடுத்தால், மேலே வளரும் ஆக்சைடு படலத்தில் செங்குத்தான நுண்துளைகள் விழும். ஒன்றுக்கொன்று தூரம் சுமார் 100 நானோமீட்டர். நெடுநேரம் விட்டுவைத்தால் அவை தேன்கூடு போல ஒழுங்காக அமையும் என்று 1995-இல் ஜப்பானின் மசுதாவும் ஃபுகுதாவும் காட்டினார்கள். அப்புறம் வேலை சுலபம். முலாம் பூசுவதுபோல மின்சாரத்தால் துளைகளில் நிக்கலை நிரப்பினால், சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட கம்பிகள் கிடைக்கும்.

முதலில் ஒரே ஒரு கம்பியைப் பார்ப்போம். எந்தக் காந்தத்திலும் துருவங்கள் சேர்ந்து உள்ளே ஓர் எதிர்ப்புலத்தை உண்டாக்கும். கம்பி நீளவாக்கில் காந்தமானால் துருவங்கள் இரு நுனிகளில், வெகுதூரத்தில் இருக்கும், எதிர்ப்புலம் பெயருக்குத்தான். குறுக்குவாக்கில் காந்தமானாலோ துருவங்கள் இரு பக்கமும் நெருங்கி நிற்கும். நிக்கலில் அந்த எதிர்ப்புலம் சுமார் 0.3 டெஸ்லா. ஆகவே காந்தம் நீளவாக்கிலேயே படுத்துக்கொள்ளும். வெறும் வடிவத்தால் வரும் பிடிவாதம் இது. ஆனால் அதைத் திருப்ப முழு 0.3 டெஸ்லா தேவைப்படுவதில்லை. கம்பி முழுவதும் ஒரே மூச்சில் திரும்பாது. நுனியில் ஓர் ஓரம் புரண்டதும், புரண்ட பகுதிக்கும் புரளாத பகுதிக்கும் நடுவிலுள்ள எல்லைச்சுவர் மறுமுனைவரை ஓடிவிடும்.

சரி, கூட்டத்தில் என்ன ஆகும்? பக்கத்துக் கம்பியின் தூரத்து நுனி நம் கம்பியின் நடுப்பகுதியை என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் தோன்றும். ஒரு நுனி ஒன்றும் செய்யாதுதான். ஆனால் கோடிக்கணக்கான நுனிகள் சேர்ந்தால் மேலே ஒரு துருவத்தாள், கீழே ஒரு துருவத்தாள். இரண்டு பரந்த தாள்களுக்கு நடுவே உள்ள புலம், அவற்றைத் தள்ளி வைத்தாலும் குறைவதில்லை! கம்பியை எவ்வளவு நீளமாக வளர்த்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

இந்தப் புலம் கம்பிகளின் காந்தத்தைத் தலைகீழாகத் தள்ளும். சில கம்பிகள் முதலில் புரளும். புரண்டதும் மற்றவற்றின்மீது அழுத்தம் குறையும், அவை இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் தனிக் கம்பியின் காந்தத்தயக்க வளையம் (வெளிப்புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம்) செங்குத்தாக விழ, கூட்டத்தினுடையது சாய்ந்து கிடக்கிறது.

எளிய கணக்கின்படி, படலப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கம்பிகள் அடைத்தால் நீளவாக்கு விருப்பம் முழுக்க அழிந்துபோகும். 100 நானோமீட்டர் இடைவெளியில் அது சுமார் 60 நானோமீட்டர் விட்டம். விட்டத்தை 35 நானோமீட்டராகக் குறைத்தால் அடைப்பு ஒன்பதில் ஒரு பங்குதான். பிடிவாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும்.