மீட்டரில் 21 வோல்ட், ஆனால் மோட்டார் சுற்றவில்லை

போன வைகாசியில், ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி நாற்று வளர்க்கும் பெரியவர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பையைப் பிரித்ததும் கருகிய வார்னிஷ் வாடை. முதுகில் மாட்டிக்கொள்ளும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்குமே, அந்த 12 வோல்ட் டயாபிரம் பம்பு (ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை). அதை பேட்டரி இல்லாமல் சோலார் பேனலில் நேரடியாக மாட்டியிருந்தார். “இந்தப் பருவத்தில் இது இரண்டாவது, தம்பி. பேனலில் குறை இல்லை, மீட்டர் வைத்தால் 21 வோல்ட் காட்டுகிறது. மோட்டார்தான் மட்டமான சரக்கு” என்றார்.

கழற்றிப் பார்த்தேன். கம்யூட்டேட்டரின், அதாவது கார்பன் பிரஷ் உரசி மின்சாரம் ஏற்றும் சுழலும் வளையத்தின், செம்புப் பட்டைகளில், எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் கார்பன் பிரஷ்ஷின் அகலத்துக்குக் கறுப்புத் தழும்பு. மற்ற பட்டைகள் புதுக்காசு போல இருந்தன. ஓடித் தேய்ந்த மோட்டாரில் தேய்மானம் சுற்றிலும் சீராக இருக்கும். இந்த மோட்டார் சுற்றாமல், நின்ற இடத்திலேயே மின்சாரத்தை வாங்கி வாங்கி வெந்திருக்கிறது. மோட்டார் மேல் தவறு இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. மறுநாள் காலை தோட்டத்துக்கே போனோம்.

பேட்டரியில் ஓடிய மோட்டாரைப் பேனலில் நேரடியாக மாட்டினால் என்ன ஆகிவிடும், இரண்டும் 12 வோல்ட்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். வாரம் ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார். பேட்டரி, கேட்ட அளவுக்கு ஆம்பியரை அள்ளிக் கொடுக்கும். அவருடைய பம்பின் வைண்டிங் (மோட்டாருக்குள் சுற்றிய செம்புக் கம்பி) தடை சுமார் 0.8 ஓம். நின்றிருக்கும் அந்த மோட்டார் முதல் உதைப்புக்கு பேட்டரியிடமிருந்து 15 ஆம்பியர் வரை இழுக்கும், கிடைக்கும், சட்டென்று கிளம்பிவிடும். ஓடத் தொடங்கியபின் 3 ஆம்பியர் போதும். அவருடைய 50 வாட் பேனலோ, உச்சி வெயிலில் இரண்டு ஒயரையும் நேராக இணைத்து ஷார்ட் செய்தாலும் 3 ஆம்பியருக்கு மேல் தராது. அந்த மூன்றும் 0.8 ஓம் வைண்டிங்கில் பாயும்போது மோட்டார் முனையில் நிற்பது வெறும் 2.4 வோல்ட். 21 எங்கே போனது? அது யாரும் எதுவும் கேட்காதபோது பேனல் காட்டும் வோல்ட். விடிந்து சற்று நேரத்தில், வெயில் உறைக்கும் முன்பே பேனல் ஏறக்குறைய அந்த அளவைக் காட்டிவிடும். மோட்டாரைச் சுற்றவைக்கும் விசை ஆம்பியரில்தான் இருக்கிறது. ஆம்பியர் வெயிலோடுதான் ஏறும், வெயிலோடுதான் இறங்கும்.

தோட்டத்தில் காலை ஏழரை மணிக்கு மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, பேனலின் இரண்டு ஒயரையும் மீட்டர் வழியாக ஷார்ட் செய்து காட்டினேன். 0.6 ஆம்பியர். அதே நேரம் வோல்ட் பார்த்தால் 20. பெரியவர் மீட்டரை வாங்கி, தாமே ஒருமுறை வைத்துப் பார்த்தார். சின்ன ஒற்றைப் பேனலுக்கு இந்தச் சோதனையால் கேடு வராது. மீட்டரின் ஆம்பியர் எல்லைக்குள் பேனல் இருக்கிறதா என்று அதன் பின்பக்கச் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் மட்டும் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். மீட்டர் வெடிக்கலாம், கை வேகலாம்.

காலையில் நிற்பதால் மட்டும் மோட்டார் எரிந்துவிடாது, அரை ஆம்பியரில் சூடு குறைவு. அவருடைய பம்புகளைக் கொன்றது பத்து மணிக்கு மேல் வந்துபோன மேகம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மேகம் மறைக்கும், பம்பு நிற்கும். குழாயில் ஏறிய தண்ணீர் பம்பின் தலைமேல் அழுத்திக்கொண்டிருக்கும். மேகம் விலகியதும் 3 ஆம்பியர் வரும். அந்த அழுத்தத்தை எதிர்த்து முதல் சுற்று சுற்ற அது போதாது. பம்பு அசையாமல் நிற்கும். காற்றோட்டம் இல்லாத தகரப் பெட்டி, மேலே வெயில், உள்ளே ஒரே இடத்தில் பிரஷ். அரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

“பியூஸ் போட்டிருக்கிறேனே?” என்று கேட்டார். 5 ஆம்பியர் பியூஸ். இந்த ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பேனலோடு நேரடியாக மாட்டிய மோட்டாரை பியூஸ் காப்பாற்றாது. வேலை செய்யும்போது 2.8 ஆம்பியர் தரும் பேனல், முழுதாக ஷார்ட் ஆனாலும் 3 ஆம்பியர்தான் தரும். பியூஸ் உருகுவதற்கு அங்கே ஒன்றுமே நடப்பதில்லை. அதற்குப் பதில் மோட்டார் உடலோடு ஒட்டினாற்போல், சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு தெர்மல் கட்-அவுட் வையுங்கள். அதுவும் தானாகத் திரும்பச் சேராமல், கையால் அழுத்தி மீட்கும் வகையாக இருக்க வேண்டும். நின்றதற்குக் காரணத்தைப் பார்த்துவிட்டு மீட்கலாம்.

அப்படியானால் பேனலில் நேரடியாக மோட்டார் ஓட்டவே கூடாதா? தாராளமாக ஓட்டலாம், எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. மின்விசிறி போன்ற இறக்கையும், இம்பெல்லர் என்னும் சுழல் இறக்கை உள்ள சென்ட்ரிஃப்யூகல் பம்பும் பேனலோடு இயல்பாகவே ஒத்துப்போகும். மெதுவாகச் சுற்றும்போது அவற்றுக்குத் தேவைப்படும் விசை மிகச் சிறிது. வெயில் ஏற ஏற வேகம் கூடும், இறங்க இறங்கக் குறையும். டயாபிரம், பிஸ்டன், செக்கு, கன்வேயர் எல்லாம் வேறு இனம். முதல் சுற்றிலேயே முழு விசையும் கேட்பவை. இடையில் எதுவும் இல்லாமல் இவற்றைப் பேனலில் மாட்டுவதை நான் ஏற்பதில்லை.

அந்த இடைப்பொருளுக்கு லீனியர் கரண்ட் பூஸ்டர் என்று பெயர். மேட்டில் ஏறும்போது வண்டியை முதல் கியருக்கு மாற்றுகிறோமே, அதே வேலைதான். ஒன்பது மணி வெயிலில் பேனல் 18 வோல்ட், 1.5 ஆம்பியர் தருகிறது என்றால், அதை ஏறக்குறைய 8 வோல்ட், 3 ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். மோட்டார் மெதுவாகச் சுற்றும், ஆனால் சுற்றும். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்தில் வரும் பெரிய சோலார் பம்புகளோடு ஒரு கன்ட்ரோலர் பெட்டி சேர்ந்தே வருவதற்கும் இதுதான் காரணம். பக்கத்துத் தோட்டத்தில் அதைப் பார்த்துவிட்டு, பெட்டி இல்லாமல் சிறிய அளவில் செய்துபார்க்கும்போதுதான் பம்பு கருகுகிறது.

சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண பக் கன்வர்ட்டரை (வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சிறு பலகை) இதற்கு மாற்றாக வாங்காதீர்கள். அது வெளியே 12 வோல்ட்டைப் பிடித்துவைக்கவே பார்க்கும். வெயில் குறைந்தால் பேனலை இன்னும் இறுக்கி, அதன் வோல்ட்டைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும். வோல்ட் பார்த்துத் தானாகச் சேரும் ரிலே சுவிட்சும் உதவாது. காலையிலேயே 20 வோல்ட் என்று ஏமாந்து சேரும், மோட்டார் மாட்டியதும் வோல்ட் சரியும், விடும், மறுபடி சேரும். இப்படி டக் டக் என்று அடித்தே அதன் முனைகள் கருகிவிடும்.

விசை போதவில்லை என்று இரண்டாவது பேனலைச் சீரியலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பவர்கள் உண்டு. வோல்ட் 42 ஆகும், ஆம்பியர் அப்படியே இருக்கும். காலையில் மோட்டார் அதேபோல் நிற்கும், உச்சி வெயிலில் வெறித்தனமான வேகம். பேரலலில், பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சேர்த்தால் ஆம்பியர் இரட்டிப்பாகும். ஆனால் அப்போதும் நண்பகலில் 12 வோல்ட் மோட்டாருக்கு 16, 17 வோல்ட் போய்ச்சேரும், டயாபிரம் சீக்கிரம் கிழியும். கணினியில் இருந்து எடுத்த 12 வோல்ட் விசிறியை இப்படி மாட்டினால் அதனுள் இருக்கும் எலெக்ட்ரானிக் பலகையே போய்விடக்கூடும்.

நிழலும் சாதாரண விஷயம் இல்லை. பேனலில் 36 செல்கள் ஒரே சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. ஒரு தென்னங்கீற்றின் நிழல் ஒரு செல்லை மூடினாலே பாதிப் பேனல் வேலையை நிறுத்திவிடலாம். பெரியவரின் பேனலிலும் காலை எட்டரை வரை முருங்கைக் கிளையின் நிழல் விழுந்துகொண்டிருந்தது. பேனலை பத்தடி தள்ளி, தெற்கு பார்த்து, பத்துப் பாகைச் சாய்வில் நிறுத்தினோம்.

பம்பையும் மாற்றினோம். இப்போது அங்கே இருப்பது சிறிய 12 வோல்ட் சென்ட்ரிஃப்யூகல் பம்பு. அது தரைத் தொட்டியிலிருந்து ஆறடி உயர டிரம்முக்குத் தண்ணீர் ஏற்றும். நாற்றுகளுக்கு டிரம்மிலிருந்து தானாக இறங்கும். நடுவில் ஒரு பூஸ்டர், மோட்டார் மேல் தெர்மல் கட்-அவுட். ஆடியில் போய்ப் பார்த்தபோது, மேகம் வந்ததும் பம்பு தணிந்து, விலகியதும் தானே எழும்பி ஓடியது. பெரியவர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் விழும் சத்தம் குறைவதையும் கூடுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.