நிலத்தில் பாப்லர் நின்றால் சட்டம் என்ன கேட்கிறது?

தென்னாப்பிரிக்காவில் லேடிஸ்மித், நியூகாஸல் பக்கம் நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள், அதை விற்கும் முன் ஓடைக்கரை வரை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். அங்கே பாப்லர் மரம் நிற்கக்கூடும்.

தென்னாப்பிரிக்காவுக்கென்று சொந்தப் பாப்லர் கிடையாது. நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் தீக்குச்சிக்கும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவையே எல்லாம். அவற்றில் வெள்ளைப் பாப்லரும், அதற்கும் ஆஸ்பென் மரத்துக்கும் பிறந்த கலப்பினமான சாம்பல் பாப்லரும் அரசின் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் (வெளியிலிருந்து வந்து கட்டுமீறிப் பரவுபவை) இரண்டாம் வகையாக இருக்கின்றன. இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பாப்லரின் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுத்திருக்கும்.

இரண்டாம் வகை என்றால், அனுமதிச் சீட்டு இல்லாமல் வளர்க்கவோ விற்கவோ கூடாது. சீட்டு இருந்தாலும் குறித்த எல்லையைத் தாண்டி மரம் பரவக் கூடாது. சீட்டே இல்லையென்றால் அதைக் கட்டுப்படுத்துவது நில உரிமையாளரின் கடமை. விண்ணப்பம் வனம், மீன்வளம், சுற்றுச்சூழல் துறைக்குப் போகவேண்டும்.

பலரும் தவறவிடுவது விற்பனை விதியைத்தான். ஆக்கிரமிப்பு இனங்களுக்கான விதிகளின்படி, விற்பனை ஒப்பந்தம் செய்யும் முன்பே, நிலத்தில் அந்தப் பட்டியலில் உள்ள இனங்கள் இருப்பதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். வாய்வார்த்தை போதாது. விதிகளை மீறினால் அபராதம் முதல் முறை 50 லட்சம் ராண்ட் வரை போகலாம். மறுமுறை ஒரு கோடி வரை. சிறையும் உண்டு.

சரி, வெட்டிவிட்டால் தீர்ந்ததா? என் சித்தப்பா அப்படித்தான் நினைத்தார். ஒற்றை மரத்தை வெட்டி விறகாக்கினார். அடுத்த கோடையில் கட்டையிலிருந்து பத்தடி தள்ளி, கொட்டகைச் சுவரோரம், விரல் பருமனில் வரிசையாகக் கன்றுகள் எழுந்தன. வாழையடி வாழை என்போமே, அதேதான்; வேரிலிருந்தே முளைத்துப் பரவும் மரம் இது. ஒன்றை வெட்டியவர் இருபதைப் பிடுங்கினார். அதுவும் வேர் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றதால் மீண்டும் துளிர்த்தன.

ஆகவே வெட்டிய உடனே, கட்டையின் ஈரம் காயும் முன், அந்த மரத்துக்கெனப் பதிவு பெற்ற களைக்கொல்லியைப் பூசவேண்டும். நீர்க்கரையில் என்றால் மருந்து தண்ணீரில் கலக்காதபடி தேர்ந்தவரைக் கொண்டு செய்யுங்கள். பிறகும் ஓரிரண்டு பருவம் கன்றுகளைத் தேடித் தேடி அகற்றவேண்டியிருக்கும். வெறுமையான கரையில் நட இந்த நாட்டு ஆற்று வில்லோ மரம் இருக்கிறது. பாப்லரின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இந்த மண்ணில் பிறந்தது.