மாலையில் காய்ச்சல், காலையில் நொண்டல்: வளர்ச்சி வலி என்று விட்டுவிடாதீர்கள்

போன வாரம் வந்த குழந்தைக்கு மூன்று வயது. இரண்டு மாதமாகக் காய்ச்சல். தினமும் பொழுது சாயும் நேரத்தில் 103, 104 டிகிரி என்று ஏறும். விடிந்து தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்க மாட்டாள், தூக்கச் சொல்லி அழுவாள். நண்பகலுக்குள் மற்ற பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருப்பாள். காய்ச்சலுக்கு ஒன்று மாற்றி ஒன்றாக ஆன்டிபயாடிக் கொடுத்தாகிவிட்டது. கால் வலிக்கோ, பார்த்தவர் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே: வளர்கிற பிள்ளை, கால் வலிக்கத்தான் செய்யும். இப்படி வாரக்கணக்கைத் தொலைத்துவிட்டு வரும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

வளர்ச்சி வலி இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை நிறையக் குழந்தைகளுக்கு அது வருகிறது. ஆனால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. மாலையிலோ இரவிலோ வரும். இரண்டு கால்களிலும் வரும். தொடை, கெண்டைக்கால், முட்டியின் பின்புறம் என்று தசையில்தான் வலிக்கும், மூட்டில் வலிக்காது. பிடித்துவிட்டால் குழந்தைக்குச் சுகமாக இருக்கும், இன்னும் பிடித்துவிடச் சொல்லும். காலையில் எழுந்ததும் வலி வந்த சுவடே இருக்காது. தினமும் வராது, சில நாள் வரும், பல நாள் வராது.

இதில் காய்ச்சல் எங்கே இருக்கிறது? வீக்கம் எங்கே இருக்கிறது? நொண்டல் எங்கே இருக்கிறது? வளர்வதால் எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் வராது. வளர்வதால் முட்டி வீங்காது. ஒரு காலில் மட்டும் திரும்பத் திரும்ப வலித்தால் அது வளர்ச்சி வலி அல்ல. காலையில் நடை விறைத்திருந்தால் அது வளர்ச்சி வலி அல்ல. தொட்டவுடன் குழந்தை காலை இழுத்துக்கொண்டால் அது வளர்ச்சி வலி அல்ல. சொல்லப்போனால், மனிதன் மிக வேகமாக வளர்வது பிறந்த முதல் ஆண்டில்தான். வளர்வதுதான் வலிக்குக் காரணம் என்றால் கைக்குழந்தைகள் அல்லவா கால் வலியில் துடிக்க வேண்டும்?

இன்னொரு தவறான நம்பிக்கை, மூட்டுவாதம் முதியவர்களின் நோய் என்பது. பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டழற்சியை, அதாவது மூட்டு வீங்கிச் சூடாகி வலிப்பதை, சிறார் மூட்டழற்சி என்கிறோம். ஒரு வயதுக் குழந்தைக்கும் அது வரலாம். அதில் ஒரு வகை மூட்டோடு நிற்பதில்லை. உடல் முழுவதையும் தாக்கும். ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1897ஆம் ஆண்டிலேயே இதை விரிவாகப் பதிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெற்றோரும் “குழந்தைக்குக்கூடவா டாக்டர்?” என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த வகையில் காய்ச்சல் நாளுக்கு ஒரு முறை, சில நேரம் இரண்டு முறை, உச்சத்துக்கு ஏறித் தானாகவே இறங்கிவிடும். காய்ச்சலின்போது குழந்தை துவண்டு கிடக்கும். இறங்கியதும் எதுவுமே நடக்காததுபோல் விளையாடும். காலையில் காய்ச்சல் இறங்கியது முந்தைய நாள் கொடுத்த ஆன்டிபயாடிக்கால் அல்ல. அந்தக் காய்ச்சலின் இயல்பே அதுதான். இதைப் புரிந்துகொள்ளாததால்தான் ‘மருந்து கேட்கிறது, இன்னும் ஐந்து நாள் கொடுக்கலாம்’ என்று இழுத்துக்கொண்டே போகிறோம். காய்ச்சல் ஏறும்போது மார்பிலும் தொடையிலும் இளஞ்சிவப்பாகத் தடிப்புகள் தோன்றி, காய்ச்சலோடு சேர்ந்து மறையும். மருத்துவரிடம் வரும் பகல் வேளையில் ஒன்றும் இருக்காது. தோன்றும்போதே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அந்த ஒரு படம் பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும். மூட்டு வீக்கம் காய்ச்சலோடு வர வேண்டும் என்பதும் இல்லை. வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்தும் வரலாம்.

காய்ச்சலோடு கை கால் வலித்தாலே இந்த நோய் என்று பதற வேண்டாம். பெரும்பாலும் வைரஸ் காய்ச்சலாக இருக்கும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காமல் இரண்டு வாரத்தைத் தாண்டும் காய்ச்சலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சின்னக் குழந்தை வலிக்கிறது என்று சொல்லாது. வலிக்கும் வேலையைச் செய்வதை நிறுத்திவிடும். படியேறிய குழந்தை ஏறாது, நடக்கப் பழகிய பிள்ளை மறுபடி தூக்கச் சொல்லும், ஒரு கையை மட்டும் பயன்படுத்தும். அதைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். இரண்டு முட்டிகளையும் அருகருகே நீட்டி வைத்துப் பாருங்கள். முட்டிச் சில்லின் பக்கவாட்டில் உள்ள பள்ளம் ஒன்றில் மட்டும் நிரம்பியிருக்கிறதா? புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சாதாரணமாக முட்டி, தொடையைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். அது சூடாக இருந்தால் உள்ளே அழற்சி இருக்கலாம்.

பரிசோதனைத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது மூட்டுவாதத்துக்காகப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. “ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அதனால் வாதம் இல்லை” என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சிறார் மூட்டழற்சி உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது நெகட்டிவாகத்தான் இருக்கும். இதற்கு நேர்மாறானது, தொண்டைத் தொற்றுக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளக்கும் ஏ.எஸ்.ஓ. பரிசோதனை. அந்த எண் கூடினால், அண்மையில் ஒரு தொண்டைத் தொற்று வந்து போயிருக்கலாம் என்று மட்டுமே பொருள். அந்த ஒரு எண்ணை வைத்து, தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவு செய்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் போடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் கொடுமை. ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயதில் வரும். மூட்டு வலி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். இதயத்தைப் பரிசோதிக்காமல் முடிவெடுக்கவே கூடாது. இது என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அவர்களிடம் கையெடுத்துக் கேட்கும் இன்னொன்றும் உண்டு. காரணம் தெரியாத காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் ஸ்டீராய்டைத் தொடங்கிவிடாதீர்கள். ரத்தப் புற்றுநோயும் இதே காய்ச்சல், இதே வலியோடு வரும். ஸ்டீராய்டு அதைச் சில வாரம் அமுக்கி மறைத்துவிடும்; பிறகு எலும்பு மஜ்ஜையைப் பரிசோதித்தாலும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி, வெளிறிய முகம், காரணமில்லாத ரத்தக்கட்டு, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எண் ஏறியிருந்தும் கூடாத தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்): இவற்றில் ஒன்று இருந்தாலும் மஜ்ஜைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பெற்றோர்களே, ‘போனமுறை கொடுத்த மருந்து நன்றாகக் கேட்டது’ என்று பழைய சீட்டைக் காட்டி நீங்களாக ஸ்டீராய்டு வாங்காதீர்கள். ஏற்கெனவே பல நாளாகக் கொடுத்துவந்தால் திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள், அதுவும் ஆபத்து.

ஒரே ஒரு மூட்டு திடீரென்று வீங்கி, சூடாகி, குழந்தை அதை அசைக்கவே விடாமல் காய்ச்சலோடு அழுதால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். சிறார் மூட்டழற்சி என்று உறுதியான குழந்தைக்கு வந்துபோன காய்ச்சல் இறங்காமல் நிலைத்து நின்றாலோ, ரத்தம் கசிந்தாலோ, குழந்தை மயங்கிச் சோர்ந்தாலோ அதுவும் அவசரம்தான். அப்போது இ.எஸ்.ஆர். குறைந்திருந்தால் நோய் தணிந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். உயிருக்கே ஆபத்தான சிக்கலின் அறிகுறியாக அது இருக்கலாம்.

மருந்துகள் இன்று எவ்வளவோ முன்னேறிவிட்டன. அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதங்களை மட்டும் தடுக்கும் ஊசிகள் வந்தபின், ஸ்டீராய்டையே நம்பியிருந்த பல குழந்தைகள் அதை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள். இந்த நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள். தினமும் கொடுத்தால் அது நஞ்சு. சில மூட்டுகளில் மட்டும் அழற்சி உள்ள சின்னக் குழந்தைகளுக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். கண் சிவக்காது, வலிக்காது, குழந்தையும் சொல்லாது. மூட்டு வலி முழுவதும் நின்றிருந்தாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கண்ணின் உட்புறத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணைக் காட்டிவிடுங்கள்.