குவாம் தீவின் லிட்டிகோ-போடிக்

மேற்குப் பசிபிக்கில் அமெரிக்க ஆளுகையில் இருக்கும் சின்னத் தீவு குவாம். அங்கே தென்பகுதியில் உமாட்டக் என்று ஒரு கடலோர ஊர். 1950களில் அந்தப் பக்கம் போன மருத்துவர்கள் திகைத்துவிட்டார்கள். ஒருவருக்குக் கை சூம்பி, நாக்குக் குழறி, சோறு விழுங்க முடியாமல் போகும். புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். அதே குடும்பத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார். முகத்தில் சலனமில்லை, கண்கூட அரிதாகத்தான் சிமிட்டும். கொஞ்சம் கொஞ்சமாக நினைவும் போய்விடும்.

தீவின் பூர்வகுடிகளான சமோரோ மக்கள் முதல் நோயை லிட்டிகோ என்றார்கள், இரண்டாவதை போடிக் என்றார்கள். சிலரை இரண்டும் சேர்ந்தே பிடித்தன. லிட்டிகோ என்பது மருத்துவர்கள் ஏஎல்எஸ் என்று சொல்லும் நரம்புநோய்தான். ஆனால் மற்ற நாடுகளைவிட அன்று அங்கே 50 முதல் 100 மடங்கு அதிகமாக இருந்தது. போடிக்கில் பார்க்கின்சன் நோயின் விறைப்பும் மறதிநோயும் ஒன்றாக வரும். நரம்பு நோயியல் மருத்துவர் அசாவ் ஹிரானோவும் உடன் பணியாற்றியவர்களும் 1961இல் அதைத் தனி நோயாக விவரித்தார்கள்.

இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது எங்கும் சிக்கு விழுந்த நூல்கண்டுகள். நரம்புச் செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்து நுண்குழாய்கள் வழியாக நடக்கிறது. தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டை எப்படியோ, அப்படி அந்தக் குழாய்களைப் பிடித்து நிறுத்துவது டௌ என்ற புரதம். அது கழன்று, முறுக்கிக்கொண்டு, செல்லுக்குள்ளேயே சிக்காகிக் கிடக்கிறது. செல் மெல்லச் சாகிறது. நடுமூளையில் டோபமின் சுரக்கும் கறுத்த பகுதியில் செல்கள் செத்தால் உடல் விறைக்கும். நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் செத்தால் நினைவு போகும். அல்சைமர் நோயிலும் இதே டௌ சிக்குதான். ஆனால் அதில் கூடவே காணும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகள் குவாம் நோயாளிகளிடம் மிகக் குறைவு. நோயே இல்லாமல் இறந்த சமோரோ மக்கள் பலரின் மூளையிலும் சிக்குகள் இருந்தன என்பதுதான் என்னை உலுக்கிய செய்தி.

பரம்பரை நோயா? இளம் வயதில் தீவை விட்டுப் போன சமோரோ மக்களில் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து நோய் வந்தது. அது மரபணுவுக்கும் பொருந்தும். ஆனால் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து குவாமில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களில் சிலருக்கும் வந்ததே! அப்படியானால் தீவில் இருந்த ஏதோ ஒன்று உள்ளே போய், வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்திருக்க வேண்டும்.

சந்தேகம் ஃபடாங் என்ற மரத்தின் மீது விழுந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈந்து என்ற சைக்கஸ் மரத்தின் நெருங்கிய உறவு அது. வெகுகாலம் இரண்டையும் ஒரே இனமாகத்தான் தாவரவியலார் வைத்திருந்தார்கள். அதன் விதையில் விஷம் உண்டு என்பது சமோரோ பெண்களுக்கு நன்றாகத் தெரியும். விதையை உடைத்து, நறுக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி நாள்கணக்கில் ஊறவைத்து, காயவைத்து மாவாக்கி ரொட்டி சுடுவார்கள். முதலில் ஊறிய தண்ணீரைக் கோழி குடித்தால் செத்துவிடும். ஜப்பானியர் ஆக்கிரமித்திருந்த 1941-44இல் அரிசி கிடைக்காமல் பலர் இந்த மாவை நம்பித்தான் இருந்தார்கள்.

1967இல் ஃபடாங் விதையிலிருந்து பிஎம்ஏஏ என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். இது நரம்புச் செல்லை அளவுக்கு மீறித் தூண்டிக் கெடுக்கக்கூடியது. ஆய்வாளர் பீட்டர் ஸ்பென்சரின் குழு இதைக் குரங்குகளுக்குக் கொடுத்து, அவை தளர்ந்து நடுங்கியதை 1987இல் வெளியிட்டது. சரி, ஆனால் கொடுத்த அளவு மிக அதிகம். கழுவிய மாவில் அவ்வளவு இருக்காது என்ற மறுப்பு எழுந்தது. அப்புறம் 2002இல் தாவரவியலாளர் பால் காக்ஸும் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸும் பழந்தின்னி வௌவாலைக் கைகாட்டினார்கள். ஃபடாங் விதையைத் தின்று வௌவாலின் உடலில் நஞ்சு சேர்கிறது, அந்த வௌவாலைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து முழுசாக உண்ட மனிதருக்குப் போகிறது என்றார்கள். இதையும் எல்லோரும் ஏற்கவில்லை. மண்ணிலும் நீரிலும் கால்சியம் குறைவு, அலுமினியம் அதிகம் என்ற விளக்கமும் நிற்கவில்லை. ஜப்பானின் கீ தீபகற்பத்திலும் இதே போன்ற நோய் உண்டு. அங்கே ஃபடாங் ரொட்டி அன்றாட உணவல்ல.

இதற்கிடையே நோயே விலகத் தொடங்கிவிட்டது. லிட்டிகோ அநேகமாக மறைந்தது. 1950களுக்குப் பிறகு பிறந்தவர்களிடம் போடிக்கும் ஏறக்குறைய இல்லை. மரபணு ஒரு தலைமுறையில் மாறாது; மாறியது வாழ்க்கைமுறை. போருக்குப் பின் கடை அரிசியும் டப்பா உணவும் வந்தன, ஃபடாங் ரொட்டி அருகியது, வௌவால்கள் வேட்டையில் அருகிப்போயின. எல்லாம் ஒரே சமயத்தில் மாறியதால் இவற்றில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மீதமிருக்கும் நோயாளிகள் எல்லோரும் முதியவர்கள்.