சக்கரச் சங்கிலி

பனி கொட்டிய சாலையில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் ‘ஸ்நோ செயின்’ என்பதைத் தமிழாக்கும்போது ‘பனிச் சங்கிலி’ என்று எழுதிவிடத்தான் முதலில் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் ஈரமும் பனிதான். அதற்கு யாரும் சங்கிலி மாட்டுவதில்லை. அப்புறம், இந்தக் கருவி கொட்டும் பனிக்கென்று மட்டும் பிறந்ததும் அல்ல. சேற்றில் வழுக்காமலிருக்க அமெரிக்காவில் டயரில் கயிறு சுற்றி ஓட்டினார்கள். அதைப் பார்த்து நியூயார்க் மாநிலத்து ஹாரி வீட் சங்கிலியால் ஒன்று செய்து 1904இல் காப்புரிமை பெற்றார். காப்புரிமைத் தலைப்பில் ‘பிடிமானம்’ உண்டு, ‘பனி’ கிடையாது.

பொருள் எளிது. டயரின் இரு பக்கமும் வளையமாக ஓடும் இரண்டு சங்கிலிகள், ஏணிப்படிபோல் குறுக்கே பல துண்டுகள். அந்தக் குறுக்குத் துண்டுகள்தான் பனியைக் கடித்துப் பிடிக்கின்றன. சங்கிலியின் முறுக்கலை நீக்கி, டயர்மேல் போர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்ட வேண்டும். விரல் மரத்துப்போன குளிரில் அதுதான் சிரமமான வேலை. சிறிது தூரம் ஓட்டியதும் நிறுத்தி, தொய்வை மறுபடி இறுக்க வேண்டும்.

சரி, ‘சங்கிலி’ தமிழ்தானா? சமஸ்கிருதச் ‘சிருங்கலா’ பிராகிருதம் வழியாக வந்து சங்கிலி ஆனது. பழந்தமிழ்ச் சொல் ‘தொடர்’. புறநானூறு 74ஆம் பாட்டில் சங்கிலியில் கட்டிய நாய் ‘தொடர்ப்படு ஞமலி’. அழகான சொல். ஆனால் இன்று ‘சக்கரத் தொடர்’ என்றால் யாருக்கும் புரியாது. ஆகவே சக்கரச் சங்கிலி என்பதே என் தேர்வு.

சங்கிலியோடு சேர்ந்தே வரும் ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்பதைத் தமிழாக்கவும் கவனம் வேண்டும். ‘நான்கு சக்கர வண்டி’ என்றால் எந்தக் காரும் அதுதான். ‘நாற்சக்கர இயக்கம்’ என்றால்தான் பொருள் சரியாக வரும். என்ஜின் விசை நான்கு சக்கரத்துக்கும் போவதால் அத்தகைய வண்டி பனியில் எளிதாகக் கிளம்பும், மேடேறும். பிரேக் பிடிக்கும்போது அந்த இயக்கம் உதவாது. டயருக்குத் தரையில் உள்ள பிடிமானம்தான் வண்டியை நிறுத்தும். கலிபோர்னியாவில் டானர் கணவாய் வழியாகப் போகும் 80ஆம் எண் நெடுஞ்சாலையில் சங்கிலி கட்டாயம் என்று சொல்லும் ‘ஆர் 2’ பலகை வைத்தால், நான்கிலும் பனி டயர் உள்ள நாற்சக்கர இயக்க வண்டிக்கு விலக்கு உண்டு. அப்போதும் சங்கிலி வண்டிக்குள் இருக்க வேண்டும். ‘ஆர் 3’ வந்துவிட்டால் விலக்கே இல்லை, எந்த வண்டியானாலும் சங்கிலி மாட்டித்தான் ஆக வேண்டும்.