லச்சக்கொட்டை மரமும் மான்டா திருக்கையும்

லச்சக்கொட்டைக் கீரையைப் பலர் வீட்டு வாசலிலேயே பார்த்திருப்பீர்கள். வெளிறிய மஞ்சள் கலந்த பச்சையில் அகலமான இலை. வாதத்துக்கு நல்லது என்று பறித்து, நறுக்கி, அடை மாவில் போடுவார்கள். யாழ்ப்பாணத்தில் இதற்குச் சண்டியிலை என்று பெயர். ஒரு போத்தை ஒடித்து நட்டாலே வந்துவிடும். நம் ஊரில் அது அடிக்கடி வெட்டுப்படுவதால் கூரை உயரத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

தாவரவியலில் இதற்குப் பிசோனியா கிராண்டிஸ் என்று பெயர். இதே இனம் பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவில் ஒரு பவளத்தீவில் 30 மீட்டர் வரை வளர்ந்து, வெயில் தரைக்கு இறங்காத காடாக நிற்கிறது. அந்தத் தீவில் சொல்லிக்கொள்ளும்படி மண்ணே கிடையாது. அப்படியானால் மரம் எதைத் தின்று அவ்வளவு உயரம் வளர்ந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பவளத்தீவு எப்படிப் பிழைக்கிறது என்பது முழுவதும் விளங்கிவிடும்.

தீவின் பெயர் பால்மைரா. பனைமரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான் என்றாலும், இந்தத் தீவுக்கும் பனைக்கும் சம்பந்தமில்லை. 1802இல் அங்கே ஒதுங்கிய ஓர் அமெரிக்கக் கப்பலின் பெயர் அது. ஹவாயின் ஹொனலூலுவிலிருந்து தெற்கே 1,600 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். காயல்களைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் திட்டுகளை எல்லாம் சேர்த்தாலும் நிலப்பரப்பு சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர்தான். இயற்கையான மேட்டின் உயரம் இரண்டு மீட்டர் அளவில். ஆராய்ச்சியாளர்களும் பராமரிப்பாளர்களும் வந்து தங்கிப் போவார்களே தவிர, அங்கே குடியிருப்பவர்கள் யாரும் இல்லை.

நடுவில் காயல், சுற்றிலும் வளையமாகப் பவளப்பாறை. இந்த விசித்திர வடிவம் ஏன் வந்தது என்பதற்குச் சார்லஸ் டார்வின் 1842இல் ஒரு விளக்கம் எழுதினார். கடலுக்கு மேலே எழும் எரிமலைத் தீவின் கரையைச் சுற்றி முதலில் பவளம் வளர்கிறது. எரிமலை அடங்கிய பிறகு, தன் பாரத்தாலும் கீழேயுள்ள கடல்தரை குளிர்ந்து தாழ்வதாலும் மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளம் என்பது சுண்ணாம்பில் கூடு கட்டி வாழும் சிறு உயிரினம். அதற்கு வெளிச்சம் வேண்டும். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்துதான் அதன் உணவில் பெரும்பங்கைத் தருகின்றன. ஆகவே அடித்தளம் ஒரு சாண் இறங்கினால் பவளமும் ஒரு சாண் மேலே கட்டியாக வேண்டும். பல பத்து லட்சம் ஆண்டுகள் இப்படியே போக, மலை மறைந்துவிடுகிறது. அதன் கரை இருந்த இடத்தில் வளையம் மட்டும் மிஞ்சுகிறது.

இதை நிரூபிக்கத் துளை போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1896 முதல் 1898 வரை, இன்றைய துவாலு நாட்டின் ஃபுனாஃபுட்டியில் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் துளையிட்டது. சுமார் 340 மீட்டர் போயும் பவளச் சுண்ணாம்புக்கல்தான் வந்தது, எரிமலைப் பாறையை எட்டவில்லை. 1952இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக்கில் துளையிட்டபோதுதான், 1,200 மீட்டருக்கும் கீழே, கருப்பு எரிமலைப் பாறை கிடைத்தது. டார்வின் எழுதி 110 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு கிலோமீட்டருக்கு மேல் கனமான சுண்ணாம்பு, முழுவதும் உயிர்களின் எலும்புக்கூடு! எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது பழகவே மாட்டேன் என்கிறது.

நாம் கால் வைத்து நடக்கும் தீவு இந்தக் கட்டடத்தின் மேலே படிந்த பொடி. உடைந்த பவளத் துண்டுகளையும் ஓடுகளையும் அலை குவித்து வைத்தது. அதில் மீன்களின் பங்கும் உண்டு. கிளிமீன்கள் பாறையைக் கடித்து, அதிலுள்ள பாசியைச் செரித்துவிட்டுச் சுண்ணாம்பை மணலாகக் கழிக்கின்றன. புடைத்த நெற்றி கொண்ட பெரிய கிளிமீன் ஒன்று ஓர் ஆண்டில் ஐந்து டன்னுக்கு மேல் பவளப்பாறையைக் கொறித்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பால்மைராவில் தண்ணீருக்குக் குறைவில்லை. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் கூடும் மழைப்பட்டையில் அது இருக்கிறது. சென்னைக்கு ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை என்றால், அங்கே 4,000 மில்லிமீட்டருக்கு மேல். குறைவு உரத்தில்தான். பவள மணல் என்பது கால்சியம் கார்பனேட். அதில் நைட்ரஜன் இல்லை. கொஞ்சம் ஏதாவது சேர்ந்தாலும் பெய்கிற மழை கழுவிக்கொண்டு போய்விடும். சத்துள்ள எரிமலைப் பாறை எந்த வேரும் எட்ட முடியாத ஆழத்தில் புதைந்து கிடக்கிறது.

சரி, உரம் எங்கிருந்து வருகிறது? பறந்து வருகிறது. சிவப்புப் பாதம் கொண்ட பூபி என்ற கடற்பறவை பால்மைராவில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகிறது. உலகிலேயே அந்த இனத்தின் மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. ஆலாக்களும் கூட உண்டு. இவை திறந்த கடலில் வெகுதூரம் போய்ப் பறவைக்கோலா மீனையும் கணவாயையும் பிடித்துத் தின்றுவிட்டு, இரவு தங்கவும் குஞ்சுக்கு ஊட்டவும் மரத்துக்குத் திரும்புகின்றன. மரத்தடியில் எச்சம் விழுகிறது. கடல் முழுக்கச் சிதறிக் கிடந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் இப்படி ஒரு சின்னத் திட்டில் வந்து குவிகின்றன.

பறவைகளுக்கு ஏற்ற மரம் நம் லச்சக்கொட்டை. கிளை விரிந்து பரவும். கூடு வைக்கக் கவை இருக்கும். பதிலுக்கு மரம் எச்சத்தில் செழிக்கிறது. அதன் காய் பசைபோல் ஒட்டும். பறவையின் இறகில் ஒட்டிக்கொண்டு, கடல் தாண்டி அடுத்த தீவுக்குப் போகும். சில சமயம் காய்கள் ஏராளமாக ஒட்டி இறகு பிணைந்து, பறக்க முடியாமல் பறவை அங்கேயே செத்துவிடுவதும் உண்டு.

சங்கிலி கரையோடு முடிவதில்லை. மழை எச்சத்தைக் கரைத்து மீண்டும் கடலில் சேர்க்கிறது. இதை ஆராய்ச்சியாளர்கள் தடம்பிடித்த விதம் அழகானது. நைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை 14, கொஞ்சம் மட்டும் 15. ஒன்றை ஒன்று தின்னும் ஒவ்வொரு படியிலும், உடல் இலேசானதை அதிகமாகக் கழித்துவிடுவதால், கனமானதன் விகிதம் சற்றே ஏறுகிறது. மீன் தின்னும் பறவை மேல்படியில் இருக்கிறது. அதனால் அதன் எச்சத்தில் நைட்ரஜன்-15 தூக்கலாக இருக்கும், அதுவே முத்திரை. பால்மைராவில் அந்த முத்திரையை மண்ணில் பார்த்தார்கள், இலையில் பார்த்தார்கள், கரையோரக் கடலிலும் பார்த்தார்கள். இயற்கைக் காடு நிற்கும் கரையை ஒட்டிய நீரில் மிதவை உயிரிகள் மிகுதியாக இருந்தன. அவற்றை வாயால் அள்ளி வடிகட்டித் தின்னும் மான்டா திருக்கைகள், நம் மீனவர்கள் கொம்புத் திருக்கை என்பதன் நெருங்கிய உறவு, அந்தக் கரையோரங்களுக்கே அதிகமாக வந்தன. 2012இல் வெளியான இந்த ஆய்வின்படி, ஒரு மரத்தின் கிளையமைப்புக்கும் ஒரு திருக்கை நீந்தும் பாதைக்கும் தொடர்பு இருக்கிறது.

அதே தீவில் தென்னை நின்ற கரையோரங்களில் அப்படி இல்லை. தென்னை நமக்குப் பிள்ளை மாதிரி. அதைக் குற்றம் சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் கொப்பரைக்காக மனிதர்கள் நட்டுப் பெருக்கிய தென்னை, பால்மைராவின் பெரும்பகுதியை மூடிக்கொண்டது. அதற்குக் கிளை இல்லை. காற்றில் ஆடும் மட்டையில் பூபி கூடு கட்டாது. பறவை வராத இடத்தில் எச்சம் இல்லை, மண் சத்து வறண்டு கிடக்கிறது, கரையோரக் கடலுக்கும் போய்ச்சேர ஒன்றுமில்லை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படை அங்கே தளம் அமைத்தது. காயலைத் தோண்டியது, திட்டுகளை இணைத்துப் பாதை போட்டது, ஓடுபாதை கட்டியது. அப்புறம் அவர்கள் போய்விட்டார்கள், கூட வந்த எலிகள் தங்கிவிட்டன. முட்டையையும் குஞ்சையும் தின்றன. லச்சக்கொட்டையின் விதையும் முளையும் கூடத் தப்பவில்லை. 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து விஷ உணவைத் தூவி எலிகளை அடியோடு ஒழித்தார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் இயற்கை மரங்களின் கன்றுகள் 50 மடங்குக்கு மேல் பெருகின. யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது: ஆசியப் புலிக்கொசு தீவிலிருந்தே காணாமல் போனது. அது பாலூட்டிகளின் ரத்தத்தை நம்பி வாழ்ந்தது. எலி போனபின் எஞ்சிய சில மனிதர்களை வைத்து அதனால் பிழைக்க முடியவில்லை.

சத்து குறைந்தால்தான் கேடு என்றில்லை, புதிதாக ஒன்று கூடினாலும் கேடுதான். 1991இல் ஆயிரங்கால் தூண்டில் போடும் கப்பல் ஒன்று பால்மைராவின் பாறையில் தட்டி நின்றது. அந்த இரும்பு துருப்பிடித்துக் கடலில் கரைந்துகொண்டே இருந்தது. சுண்ணாம்புத் தீவைச் சுற்றிய நீரில் இரும்பு மிகவும் அரிது. அது திடீரென்று கிடைத்ததும், எலும்புக்கூடு கட்டாத, பவளத்தின் தூரத்து உறவான ஓர் உயிரினம் பரவி, கப்பலைச் சுற்றியிருந்த பவளங்களைப் போர்வைபோல் மூடிவிட்டது. இரும்புதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. 2013-14இல் கப்பலைத் துண்டு துண்டாக வெட்டி அப்புறப்படுத்தினார்கள்.

எலி போனதும் தென்னங்கன்றுகளும் சேர்ந்துதான் பெருகின. அதனால் இப்போது தென்னைகளை அகற்றி, இடைவெளியில் லச்சக்கொட்டை நாற்றுகளை நட்டு வருகிறார்கள். நம் வீட்டு வாசலில் கீரைக்காகக் கிள்ளும் அதே இலைதான் அந்த நாற்றுகளிலும் துளிர்க்கிறது. ஒரு பூபி வந்து உட்காரும் அளவுக்கு அவை கிளை விட வேண்டும்.