உருவகச் சிற்பியா, உருவச் சிற்பியா?

ஆஸ்திரேலியச் சிற்பி ரான் மியூக்கைப் பற்றிய தமிழ்க் குறிப்பு ஒன்றில் அவரை மறுபடியும் 'உருவகச் சிற்பி' ஆக்கியிருக்கிறார்கள். மூன்றாவது தடவை பார்க்கிறேன். முதல் இரண்டைப் பொறுத்துக்கொண்டேன்.

அவர்கள் மொழிபெயர்த்த ஆங்கிலச் சொல் 'ஃபிகரேட்டிவ்'. அதன் மூலம் லத்தீன் 'ஃபிங்கெரே', மண்ணைப் பிசைந்து உருப்பிடித்தல். அதிலிருந்து 'ஃபிகுரா', உருவம். நம் 'தேகம்' பிறந்த வடமொழி வேரும் இதற்குப் பங்காளி. இலக்கியத்தில் இந்தச் சொல் உருவகத்தைக் குறிக்கும். சிற்பத்தில், மனிதரையோ விலங்கையோ பார்த்ததும் தெரியும்படி வடிப்பதைக் குறிக்கும். மொழிபெயர்த்தவர் முதல் பொருளோடு அகராதியை மூடிவிட்டார்.

மதிமுகம் உவமை, முகமதி உருவகம். பள்ளிக்கூடத்து அணியிலக்கணம் இது. ஒன்றின்மேல் இன்னொன்றை ஏற்றினால்தான் உருவகம். மியூக் 1996–97இல் செய்த 'டெட் டாட்' (செத்த அப்பா) சிற்பத்தில் எதன்மேல் எது ஏறியிருக்கிறது? மல்லாந்து கிடக்கும் அப்பாவின் பிணம், உடம்பில் துணியில்லை, நீளம் ஏறக்குறைய 1 மீட்டர். தலையில் இருப்பது சிற்பியின் சொந்த முடி. அப்பா அங்கே அப்பாதான்.

அவர் கலைக்கல்லூரியில் படித்தவர் அல்லர். மெல்போர்னில் பொம்மை செய்யும் வீட்டில் பிறந்து, தொலைக்காட்சிக்கும் சினிமாவுக்கும் பொம்மை செய்து கை பழகியவர். சின்னதாக மண்ணில் செய்து பார்ப்பார், பிறகு முழு அளவில் வனைவார், அச்செடுப்பார், சிலிக்கோனிலோ கண்ணாடியிழையிலோ வார்ப்பார், முடியை ஒவ்வொன்றாக நடுவார். பெரிய உருவமென்றால் களிமண்ணைத் தாங்க உள்ளே கம்பிக்கூடு வேண்டும். அதன் ஆங்கிலப் பெயர் 'ஆர்மேச்சர்'. மோட்டாருக்குள் இருக்கும் சுருளுக்கும் அதே பெயர் என்பதால் நம் குறிப்பில் அது 'மின்சுருள்' ஆகிவிட்டது. செத்த அப்பாவுக்குள் மோட்டார்! சுதை உருவங்களுக்குள் நிறுத்தும் மரக்கூட்டுக்கு ஆகமங்களில் 'சூலம்' என்றே பெயர் உண்டு. யார் தேடுகிறார்கள்?

'உருவச் சிற்பம்' என்றால் கூறியது கூறல் ஆகாதா, எல்லாச் சிற்பத்துக்கும் உருவம் உண்டே என்று ஒரு கட்சி. எல்லாப் பொம்மைக்கும்தான் உருவம் உண்டு. 'உருவ பொம்மை எரிப்பு' என்று செய்தித்தாள் போட்டால் எவர் பொம்மை என்றுதானே கேட்கிறோம்? இத்தனைக்கும் ஆளுக்குப் பதில் வைக்கோலைக் கொளுத்தும் அந்த இடத்தில்தான் உருவகமே இருக்கிறது. அங்கேகூட எவரும் 'உருவக பொம்மை' என்று எழுதவில்லை.

ருமேனியாவில் பிறந்த சிற்பி பிரான்குசியின் 'பேர்ட் இன் ஸ்பேஸ்' (வெளியில் ஒரு பறவை) நேர் எதிர். சிறகில்லை, அலகில்லை, பளபளக்கும் நீண்ட வெண்கலம், பறத்தலுக்கு உருவகம். 1926இல் அமெரிக்கச் சுங்கக்காரர்கள் அதைச் சிற்பமாகவே ஏற்காமல் உலோகச் சாமானாகக் கணக்கெழுதி 40 சதவீதம் வரி கேட்டார்கள். உருவகச் சிற்பி என்றால் பிரான்குசியைச் சொல்லலாம். மியூக்கோடு சேர்த்து இவருக்கும் அதே பட்டம் கொடுத்தால் வாசகர் எதைப் பிரித்தறிவார்?

நமக்கோ சொற்பஞ்சமே இல்லை. உருவம், அருவம், இரண்டுக்கும் நடுவில் அருவுருவம் என்று சைவம் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. லிங்கம் அருவுருவம். உருவச் சிற்பம், அருவச் சிற்பம், பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் நிற்பது அருவுருவச் சிற்பம்.

இதையெல்லாம் அந்தக் குறிப்பை எழுதியவருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "உருவம்னா ரொம்பச் சாதாரணமா இருக்கு சார். உருவகம்னாதான் ஒரு கனம்."